நிழல் தோட்டத்துல அபூர்வ காட்டுப் பூச்செடிகள்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

மரத்தடியில புல்லு கூட வர மாட்டேங்குது, அங்க என்ன வைக்கலாம்னு யாராவது கேட்டா நான் டிரில்லியம், ஹெபாடிகான்னு ஆரம்பிச்சிடுவேன், அப்புறம் அவங்க கிட்டேர்ந்து வர்ற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். பதிலையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு இது. குளிர்காலம் ஒழுங்கா வர்ற ஊருக்குத்தான் இதுல முக்கால்வாசி பொருந்தும், சூடான ஊர்க்காரங்களுக்கு கடைசிப் பக்கம் ஒரு பதில் இருக்கு.

காட்டுப் பூச்செடின்னா எதைச் சொல்றீங்க?

இலை உதிர்க்கற காடுகள்ல மரத்துக்கு அடியில, பல வருஷம் அதே கிழங்குலேர்ந்து திரும்பத் திரும்ப முளைக்கற சின்னச் செடிங்க. வட அமெரிக்காவோட கிழக்குப் பக்கம், ஜப்பான், சீனாவோட மலைக்காடு, இமயமலை, ஐரோப்பா, இங்கெல்லாம் இருக்கு. டிரில்லியம், ஹெபாடிகா, எபிமீடியம், அரிசீமா, சாங்குவினாரியா, ஜெஃபர்சோனியா, எரித்ரோனியம், க்ளாசிடியம், ஆர்க்கிட்ல சிப்ரிபீடியம், இப்படி ஒரு கூட்டம்.

இதுல நிறைய செடிங்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. குளிர் முடிஞ்சு மரம் துளிர் விடறதுக்கு முன்னாடி தரையில நல்லா வெயில் விழுமே, அந்த சில வாரத்துக்குள்ள இலை விட்டு, பூத்து, காய்ச்சு, கிழங்குல சாப்பாட்டை சேத்து வச்சிட்டு, மரம் மேல கூரை மாதிரி மூடறப்போ சில செடி மொத்தமா மண்ணுக்குள்ள போயிடும். ஒரு வருஷத்துல பத்து மாசம் தூக்கம். இதைப் புரிஞ்சுகிட்டா கீழ வர்ற பாதி கேள்விக்கு பதில் தானா வந்துடும்.

அபூர்வம்னா வளர்க்க ரொம்ப கஷ்டமா?

அப்படி இல்ல, இதுதான் முதல்ல போக வேண்டிய பயம். அபூர்வமா இருக்கறதுக்கு பல காரணம். சிலது பெருகறதே மெதுவா, அதனால நர்சரிக்காரங்களுக்கு கட்டுப்படி ஆகாது. சாங்குவினாரியால அடுக்குப் பூ பூக்கற வகை ஒண்ணு இருக்கு, அதுல மகரந்தக் காம்பெல்லாம் இதழா மாறிப் போச்சு, விதையே கட்டாது, கிழங்கைப் பிரிச்சாத்தான் இன்னொரு செடி. ஆனா தோட்டத்துல அதை வளர்க்கறது சுலபம்.

இன்னும் சிலது பிறந்த இடமே சின்னது. ஷார்ட்டியா கதை இதுக்கு நல்ல உதாரணம். 1788ல ஆந்த்ரே மிஷோன்னு பிரெஞ்சு தாவரவியல்காரர் அமெரிக்காவுல அதைப் பறிச்சு, காய வச்சு, பாரிஸ்க்கு கொண்டு போனார். 1839ல ஏசா கிரேன்னு அமெரிக்கத் தாவரவியல்காரர் அந்தக் காஞ்ச மாதிரியை பாரிஸ்ல பாத்துட்டு, இது புதுச் செடியாச்சேன்னு ஊர் திரும்பி மலை மலையா தேடினார், கிடைக்கல. கடைசியில 1877ல வட கரோலினாவுல ஜார்ஜ் ஹையம்ஸ்னு ஒரு பதினேழு வயசுப் பையன் ஆத்தங்கரையில பாத்து எடுத்துட்டு வந்தான். பெரிய பெரிய ஆளுங்க தேடினது மலை உச்சியில, செடி இருந்தது கீழ.

மூணாவது காரணம் மனுஷன். தோண்டித் தோண்டி வித்துத் தீத்தது. அதைப் பத்தி பின்னாடி.

எங்க வீட்ல நிழல் இருக்கு, அது போதுமா?

என்ன நிழல்ங்கறதுதான் கேள்வி. உயரமான, இலை உதிர்க்கற மரத்தடியில வடிகட்டி விழற வெளிச்சம்தான் முதல் தரம். ஓக் மரம் மாதிரி இருந்தா அதிர்ஷ்டம். கட்டடத்தோட நிழலும் பரவால்ல, மேல வானம் தெரியுதுன்னா நிறைய செடி வரும், அங்க மர வேரோட சண்டையும் இல்ல. வருஷம் பூரா இலை இருக்கற ஊசியிலை மரத்துக்கு அடியில ரொம்ப இருட்டா, எப்பவும் காஞ்சு கிடக்கும், மழை பேஞ்சாலும் தரைக்கு வராது. அங்க எபிமீடியம் தாக்குப் பிடிக்கும், மத்ததுக்கு அந்த இடத்தை விட்டுடுங்க.

மேப்பிள், பீச் (beech, பீச் பழ மரம் இல்ல) மரங்களுக்கு வேர் மேலாப்புலயே பாய் மாதிரி பின்னிக் கிடக்கும். களைக்கொத்தை மண்ணுல குத்திப் பாருங்க, ஒரு ஜாண் இறங்கலைன்னா அந்த இடத்துல நீங்க ஊத்தற தண்ணியெல்லாம் மரத்துக்குத்தான். கருப்பு வால்நட் மரம்னா இன்னொரு தொல்லை, அதோட வேர்லேர்ந்து ஜுக்லோன்னு ஒரு சரக்கு கசிஞ்சு சில செடிங்களை வளர விடாது, அதனால அங்க ஒண்ணு ரெண்டு செடி வச்சுப் பாத்துட்டு அப்புறம் இறங்குங்க.

மரத்தோட கீழ்க்கிளை ஒண்ணு ரெண்டை கழிச்சு விட்டாலே வெளிச்சமும் காத்தும் நல்லா மாறும், செடியை மாத்தறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க.

மண்ணுக்கு என்ன பண்ணணும்?

இங்கதான் நேரத்தையும் காசையும் போடணும். காட்டுல இந்தச் செடியோட கிழங்கு இருக்கறது நிஜமான மண்ணுல கூட இல்ல, வருஷக் கணக்கா விழுந்து மக்கின இலைக்கும் மண்ணுக்கும் நடுவுல இருக்கற அந்தக் கருப்பு, பொலபொலப்பு அடுக்குல. காத்து போகும், ஈரம் நிக்கும், ஆனா தண்ணி தேங்காது. இதைத்தான் நாம செய்யணும், இதுக்கு இலை மக்கை விட்டா வேற நல்ல வழி கிடையாது.

இலை மக்கு செய்யறது ஒரு வேலையே இல்ல. உதிர்ந்த இலையைக் கூட்டி, கம்பி வலையில ஒரு கூண்டு மாதிரி செஞ்சு அதுல கொட்டி, நனைச்சு விட்டுட்டு மறந்துடுங்க. ஒரு வருஷத்துல மூடாக்கு போடற பதம் வரும், ரெண்டு வருஷத்துல கையில எடுத்தா உதிர்ற பதம். புல்வெட்டி மெஷினை இலை மேல ஒரு தடவை ஓட்டி நறுக்கிட்டா இன்னும் சீக்கிரம். சமையலறைக் கழிவுல செய்யற கம்போஸ்ட் வேற, இது வேற. கம்போஸ்ட்டுல பாக்டீரியா வேலை செஞ்சு சூடாகும், சத்து அதிகம். இலை மக்கு குளிர்ச்சியாவே பூஞ்சையால மக்கும், சத்து கம்மிதான், ஆனா ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். இந்தச் செடிங்களுக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும்.

செய்யக் கூடாத ரெண்டு விஷயம் சொல்லிடறேன். ஒண்ணு, மரத்தடியில வண்டி வண்டியா மண்ணு கொட்டி பாத்தியை உசத்தறது. மரத்தோட உணவு வேர் பெரும்பாலும் மேல் 30, 40 செண்டிமீட்டர்லதான் இருக்கு, அது மேல கனமா மண்ணைப் போட்டா மூச்சு முட்டும், ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மரமே பட்டுப் போகும், அதோட உங்க நிழலும் போச்சு. வருஷத்துக்கு ரெண்டு மூணு விரல்கடை இலை மக்கு, அவ்வளவுதான். இன்னொண்ணு, கெட்டிக் களிமண்ணுல ஒரு குழி வெட்டி அதுல மட்டும் பொலபொலன்னு கடை மண்ணை நிரப்பி செடி வைக்கறது. மழைக்கு அந்தக் குழி கிணறு மாதிரி நிறைஞ்சு கிழங்கு அழுகிடும். களிமண்ணா இருந்தா பாத்தி மொத்தத்தையும் பருமணல் கலந்து லேசா மேடாக்குங்க.

மண்ணோட பிஹெச் 5.5லேர்ந்து 6.5 வரைக்கும் இருந்தா பெரும்பாலான செடிக்கு சரி. ஹெபாடிகா சுண்ணாம்பு மண்ணையும் தாங்கும். நீல பாப்பிக்கும் ஷார்ட்டியாவுக்கும் புளிப்பு மண்ணுதான் வேணும்.

தண்ணி, உரம்?

வசந்தத்துல இலை இருக்கறப்போ மண்ணு காயக் கூடாது. கோடையில செடி உள்ள போனப்புறம் ஓரளவு காஞ்சா ஒண்ணும் ஆகாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கறதை விட வாரம் ஒரு தடவை ஆழமா இறங்கற மாதிரி விடறது நல்லது. உரம் தனியா தேவையே இல்ல, இலை மக்கே போதும், பச்சைச் சாணியும் கோழி எருவும் கிட்டவே கொண்டு போகாதீங்க.

முதல் தடவை வைக்கறேன், எதுல ஆரம்பிக்கலாம்?

எபிமீடியம். காஞ்ச நிழலையும் தாங்கும், ஒரு தடவை வேர் பிடிச்சிட்டா அசையாது. குளிர்காலக் கடைசியில பழைய இலையை அடியோட வெட்டி விட்டீங்கன்னா பூ மறையாம தெரியும், இதை நேரத்துக்கு செய்யணும், பூந்தண்டு நீண்டப்புறம் கத்தரியை எடுத்தா இலையோட பூவும் போயிடும். அடுத்து சாதாரண சாங்குவினாரியா. வெள்ளைப் பூ, ரெண்டு மூணு நாள்ல உதிர்ந்துடும், பெரிய மழை அடிச்சா ஒரே நாள்தான், ஆனா அந்த நாளுக்காக ஒரு வருஷம் காத்திருக்கலாம்னு தோணும். அப்புறம் ஹெபாடிகா. நல்லா வளர்ந்த டிரில்லியம் கிழங்கா கிடைச்சா அதுவும் சுலபம்தான். சிப்ரிபீடியம், ஷார்ட்டியா, நீல பாப்பி இதெல்லாம் அந்த நாலும் ரெண்டு குளிர்காலம் தாண்டினப்புறம்.

பாரிஸ் ஜப்போனிகாவை யாராவது கொடுத்தா வேணாம்னு சொல்லாதீங்க. மெதுவா வளரும், பெரிசா ஒண்ணும் பூத்துக் கொட்டாது, ஆனா நம்ம மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்துன்னா அந்தச் செடிக்கு 14,900 கோடி. 2024ல ஒரு பெரணி அதை முந்தற வரைக்கும் உலகத்துலயே பெரிசு அதுதான். எனக்கு இது மாதிரி விஷயம் பிடிக்கும், அதுக்காகவே வச்சிருக்கேன்.

விதை போட்டேன், ஒரு வருஷமாச்சு, ஒண்ணுமே வரல. கெட்டுப் போச்சா?

தொட்டியைக் கொட்டிடாதீங்க. நான் ஒரு தடவை டிரில்லியம் விதை போட்டு, அடுத்த வசந்தத்துல ஒண்ணும் தெரியலைன்னு எரிச்சல்ல தொட்டியைக் கவுத்துட்டேன். கவுத்தப்புறம் பாக்கறேன், மண்ணு பூரா குட்டி குட்டியா வெள்ளை வேர். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலைங்கற கதைதான்.

டிரில்லியம் விதைக்கு ரெண்டு பூட்டு உண்டு. விழுந்தப்புறம் கொஞ்ச நாள் வெதுவெதுப்பு, அப்புறம் ஒரு குளிர்காலம், அது முடிஞ்சு முதல் பூட்டு திறந்து வேர் மட்டும் இறங்கும், மேல ஒண்ணும் தெரியாது. அடுத்த குளிர்காலம் முடிஞ்சாத்தான் ரெண்டாவது பூட்டு திறந்து புல்லு மாதிரி ஒத்த இலை வரும். அப்புறம் அகலமா ஒரு இலை, இன்னும் ஓரிரு வருஷம் போய் மூணு இலை. பூ பாக்க மொத்தம் ஏழு வருஷம் வரைக்கும் ஆகும், சில சமயம் மேலயும். ஆனா ஒரு தடவை பூக்க ஆரம்பிச்சா பல பத்து வருஷம் அதே இடத்துல நிக்கும்.

ஹெபாடிகா அவ்வளவு அடம் பிடிக்காது. விதை பச்சையா இருக்கறப்பவே, தொட்டா உதிர்ற பதத்துல எடுத்து அன்னிக்கே போட்டா அடுத்த வசந்தத்துல முளைக்கும், மூணு நாலு வருஷத்துல பூ.

முக்கியமான விஷயம், இந்த விதைங்க காயக் கூடாது. டிரில்லியம், ஹெபாடிகா, சாங்குவினாரியா, ஜெஃபர்சோனியா, இதெல்லாம் கவர்ல போட்டு ஆறு மாசம் அலமாரியில வச்சிருந்த விதையா இருந்தா செத்துப் போயிருக்கும், இல்லைன்னா இன்னும் ஆழமா தூங்கப் போயிருக்கும். வாங்கறதா இருந்தா ஈரமான வெர்மிகுலைட்ல (ஈரம் பிடிக்கற கனிமத் துகள்) சுத்தி அனுப்பறவங்க கிட்ட வாங்குங்க. உங்க கையில கிடைச்சா உடனே போடுங்க, முடியலைன்னா ஈர வெர்மிகுலைட்டோட ஜிப் கவர்ல. அறைச் சூட்டுல மூணு மாசம், ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரி கிட்ட மூணு மாசம், டிரில்லியம்னா திரும்ப ஒரு சுத்து. வேர் தெரிஞ்சதும் எடுத்து நடலாம். நானா இருந்தா தொட்டியில போட்டு மேல ஒரு வலை கட்டி வெளியில வச்சிட்டு மறந்துடுவேன், குளிரும் மழையும் எனக்கு பதிலா கணக்கு வச்சுக்கும்.

விதையில ஏதோ வெள்ளையா சதை ஒட்டியிருக்கு, அதை எடுக்கணுமா?

அது எறும்புக்கு வச்ச கூலி. டிரில்லியம், சாங்குவினாரியா, ஹெபாடிகா, ஜெஃபர்சோனியா விதைங்கள்ல கொழுப்பு நிறைஞ்ச ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும், எறும்பு அதுக்காக விதையை புத்துக்கு தூக்கிட்டுப் போய், துணுக்கை மட்டும் தின்னுட்டு விதையை குப்பையோட போட்டுடும், அங்க அது முளைக்கும். நீங்க வச்ச இடத்துலேர்ந்து ரெண்டு மூணு மீட்டர் தள்ளி, செங்கல் இடுக்குல சாங்குவினாரியா முளைச்சா யார் வேலைன்னு தெரிஞ்சுக்கோங்க. எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி, விதைப்புக்கு எந்த வித்தியாசமும் இல்ல, ஆனா தொட்டியை எறும்பு வர்ற இடத்துல திறந்து வச்சா காலையில விதை இருக்காது.

போன வருஷம் இருந்த செடி இந்த வருஷம் காணோம். தோண்டிப் பாக்கலாமா?

கூடாது. இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமா வர்றது, பதிலும் எப்பவும் இதுதான். ஒரு வருஷம் முழுசா மேல வராம கிழங்கு மட்டும் உயிரோட இருக்கறது இந்தக் கூட்டத்துல சகஜம், சிப்ரிபீடியம் டிரில்லியம் ரெண்டுக்குமே உண்டு, நட்ட அதிர்ச்சியிலயும் நடக்கும். அரிசீமா கேண்டிடிசிமம்னு ஒண்ணு, பக்கத்துல இருக்கற செடியெல்லாம் பூத்து முடிச்சு, கோடை தொடங்கினப்புறம்தான் மூக்கை வெளிய நீட்டும், அதை செத்துப் போச்சுன்னு நினைச்சு கொத்தி விட்டவங்களை எனக்குத் தெரியும், நானும் அதுல ஒருத்தன். குருத்து மண்ணுக்கு ஒரு விரல் கீழ வந்து நிக்கும், கொத்து பட்டா அந்த வருஷம் அவ்வளவுதான், ஏன்னா டிரில்லியம் மாதிரி செடிக்கு வருஷத்துக்கு ஒரே குருத்துதான், ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. ரெண்டு வசந்தம் முழுசா பாருங்க. அதுக்கப்புறமும் இல்லைன்னா அப்போ தோண்டலாம், அழுகிப் போன தோல் மட்டும் இருந்தா தண்ணி தேங்கியிருக்குன்னு அர்த்தம்.

டிரில்லியம் பூவைப் பறிச்சா செடி செத்துடுமா?

பூவை மட்டும் கிள்ளினா சாகாது. ஆனா தண்டோட பறிச்சா அதோட மூணு இலையும் வந்துடும், அந்த வருஷ சாப்பாடு மொத்தமும் போச்சு, மீள பல வருஷம் ஆகும், சின்னச் செடின்னா மீளாமலே போகும். பறிக்காதீங்க.

என் டிரில்லியம் இதழ்ல பச்சைக் கோடு வந்திருக்கு, இது அபூர்வ வகையா?

சந்தோஷப்படாதீங்க, அது நோய். பெரிய வெள்ளைப் பூ வகையில, டிரில்லியம் கிராண்டிஃப்ளோரம்ல, வெள்ளை இதழ் நடுவுல பச்சைப் பட்டை ஓடறது ஃபைட்டோபிளாஸ்மான்னு பாக்டீரியா மாதிரி ஒரு கிருமியால. இந்த மாதிரி கிருமியை தத்துப்பூச்சி போல சாறு உறிஞ்சற பூச்சிங்க பரப்பும். ஒரு காலத்துல தனி வகைன்னு பேர் எல்லாம் வச்சாங்க, இப்பவும் புதுசுன்னு சொல்லி விக்கறவங்க உண்டு. வருஷா வருஷம் பச்சை அதிகமாகி, பூ கோணிப் போய், செடி மெலிஞ்சுடும், மருந்து கிடையாது. மனசு வராது, ஆனா பிடுங்கி குப்பையில போடுங்க, மக்குக் குழியில வேணாம். பூ பழுத்து உதிர்றப்போ ரோஸ் கலரா மாறுதுன்னா அது வேற, அது இயல்பு, பயப்பட வேணாம்.

சிப்ரிபீடியம் ஆர்க்கிட் தோட்டத்துல வருமா?

வரும், சரியான செடியை வாங்கினா. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, உள்ள சாப்பாடே இல்ல, மண்ணுல இருக்கற ஒரு பூஞ்சை வந்து ஊட்டினாத்தான் முளைக்கும். அதனால இப்போ கிடைக்கற நல்ல செடியெல்லாம் லேப்ல கண்ணாடிக் குடுவையில, சத்துக் கூழ்ல முளைக்க வச்சது. சிப்ரிபீடியத்துல கிசெலா மாதிரி பேர் வச்ச கலப்பினங்கள்தான் முதல் செடிக்கு ஏத்தது, காட்டு இனங்களை விட சட்டுனு தூர் கட்டும், தப்பைப் பொறுத்துக்கும். ரோஸ் கலர்ல ஒத்தப் பூ பூக்கற சிப்ரிபீடியம் அக்காலேவை மட்டும் தொடாதீங்க, அதுக்கு ரொம்ப புளிப்பான மண்ணு வேணும், தோட்டத்துல வச்சதுல பெரும்பாலும் போய்ச் சேர்ந்துடும்.

நடறப்போ வேரை சிலந்திக் கால் மாதிரி பக்கவாட்டுல பரப்பி, மொட்டு மண்ணுக்கு 2, 3 செண்டிமீட்டர் கீழ இருக்கற மாதிரி வைக்கணும். ஆழமா வைக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. மண்ணுல பாதிக்கு மேல பெர்லைட், பியூமிஸ் மாதிரி கல்லுச் சரக்கு இருக்கட்டும். காலையில ரெண்டு மணி நேர இளவெயில் கிடைச்சா பூ நல்லா வரும், கும்மிருட்டுல வச்சா இலை மட்டும்தான்.

இந்தச் செடி மேல மனுஷனுக்கு இருந்த வெறி தெரியணும்னா பிரிட்டன் கதையைப் பாருங்க. அங்க சிப்ரிபீடியம் கால்சியோலஸை தோண்டித் தோண்டி 1917ல அழிஞ்சே போச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. 1930ல யார்க்ஷயர்ல ஒரே ஒரு செடி அகப்பட்டது. அந்த ஒத்தச் செடியை பல பத்து வருஷம் இடம் சொல்லாம காவல் காத்து, அப்புறம் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துல விதையிலேர்ந்து நாத்து எடுத்து திரும்ப காட்டுல வச்சாங்க.

காட்டுல நிறைய கிடக்கு, ஒண்ணு எடுத்துட்டு வந்தா என்ன?

ஏழு வருஷம் எடுத்து பூத்த செடியை ஏழு நிமிஷத்துல தோண்டறோம், அதுலயும் முக்கால்வாசி நம்ம வீட்ல பிழைக்காது. நிறைய இடத்துல சட்டப்படி குத்தம். நாடு விட்டு நாடு போறதுக்கு சைட்டீஸ்னு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு, அதோட ரெண்டாம் பட்டியல்ல சிப்ரிபீடியம் முழுக்க வருது, பனித்துளிப் பூன்னு சொல்ற கலாந்தஸ், சைக்ளமென் ரெண்டும் வருது, இமயமலை போடோஃபில்லமும் வருது. பேப்பர் இல்லாம சூட்கேஸ்ல கிழங்கைப் போட்டுட்டு வந்தா விமான நிலையத்துல பறிமுதல் ஆகும், அபராதமும் உண்டு.

கடையில வாங்கறப்பவும் கண்ணைத் திறந்து வச்சுக்கோங்க. "நர்சரியில வளர்ந்தது"ன்னு எழுதியிருந்தா போதாது, காட்டுல தோண்டி ஒரு வருஷம் தொட்டியில வச்சிருந்தாலும் அப்படித்தான் எழுதுவாங்க. "நர்சரியில பெருக்கினது"ன்னு இருக்கா, விதையிலேர்ந்தா பிரிச்சதான்னு நேரா கேளுங்க. நியாயமா செய்யறவங்க ஆசையா ஒரு மணி நேரம் பேசுவாங்க. பூக்கற வயசு டிரில்லியம் தள்ளுவண்டி சாமான் விலைக்கு கிடைக்குது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸ், வேர் பிஞ்சிருக்கு, தொட்டியில காட்டுக் களை முளைச்சிருக்குன்னா அது எங்கேர்ந்து வந்ததுன்னு கேக்கவே வேணாம். ஆரம்பத்துல நானும் ஒரு இடத்துல பத்து கிழங்கு மலிவா வாங்கினேன், ஒண்ணு கூட ரெண்டாவது வருஷம் வரல.

என் அரிசீமா போன வருஷம் காய்ச்சது, இந்த வருஷம் காய்க்கல. ஏன்?

இந்த வருஷம் அது ஆணா மாறியிருக்கும். நிஜமாத்தான். கிழங்கு சின்னதா இருந்தா ஆண் பூ, நல்லா தின்னு பெருத்தா பெண் பூ, காய்ச்சு களைச்சுப் போனா திரும்ப ஆண். பாம்பு படம் எடுத்த மாதிரி இருக்கற அந்த மடலுக்குள்ள சின்னக் கொசு மாதிரி ஈ விழும், ஆண் பூவோட அடியில தப்பிக்க ஒரு ஓட்டை இருக்கும், மகரந்தத்தைப் பூசிகிட்டு வெளிய வந்துடும். பெண் பூவுல அந்த ஓட்டை இருக்காது, மகரந்தத்தைக் கொடுத்துட்டு உள்ளயே சாக வேண்டியதுதான். சேம்பு, சேனை குடும்பம்தான் இது, பழத்தைப் பிசைஞ்சு விதை எடுக்கறப்போ கையுறை போடலைன்னா நாள் பூரா அரிக்கும்.

நீல பாப்பி எனக்கு பூத்துட்டு செத்துப் போச்சு.

மெகனாப்சிஸ்ல பல இனம் ஒரு தடவை பூத்து விதை கட்டி முடிஞ்சுடும், அது தப்பு இல்ல, அதோட விதி. நீடிச்சு நிக்கற வகையும் இருக்கு, ஆனா முதல் வருஷமே பூக்க விட்டா தூர் கட்டாம போயிடும், அதனால முதல் மொட்டைக் கிள்ளிடுங்கன்னு பலர் சொல்வாங்க, நானும் கிள்ளறேன், அழுதுகிட்டே. லிங்ஹோம் மாதிரி வகையை தூர் பிரிச்சு காப்பாத்தலாம். எப்படி இருந்தாலும் கோடை ராத்திரி குளுகுளுன்னு இல்லாத ஊர்ல இதோட மல்லுக்கட்டாதீங்க.

தூர் எப்போ பிரிக்கலாம்?

இலை மஞ்சளாகி செடி தூங்கப் போறப்போ, பூக்கறப்போ கிடையாது. எபிமீடியமும் ஹெபாடிகாவும் பூ முடிஞ்ச உடனே பிரிக்கலாம். டிரில்லியம் கிழங்கை 5லேர்ந்து 10 செண்டிமீட்டர் ஆழத்துல வைங்க. நல்லா பூத்துகிட்டு இருக்கற தூரை சும்மா பிரிக்கணும்னு ஆசைப்பட்டு பிரிக்காதீங்க.

எது வந்து தின்னுது?

மான் வர்ற இடம்னா டிரில்லியத்துக்கு வேலி போட்டே ஆகணும், வாசனை மருந்து அடிக்கறதெல்லாம் மழை வர்ற வரைக்கும்தான். எபிமீடியத்தையும் அரிசீமாவையும் மான் அவ்வளவா தொடறதில்ல. ஓடில்லா நத்தை குருத்து வெளிய வர்ற வாரத்துலதான் நாசம் பண்ணும், அந்த வாரம் ராத்திரி டார்ச் எடுத்துகிட்டுப் போய் பொறுக்குங்க, இல்லைன்னா இரும்பு பாஸ்பேட் குருணை. தொட்டிச் செடி திடீர்னு வாடி, இழுத்தா கையோட வந்துடுச்சுன்னா மண்ணுல வெள்ளையா, வளைஞ்ச புழு இருக்கான்னு பாருங்க, வைன் வீவில்னு ஒரு வண்டோட புழு அது. அதுக்கு நெமடோட்ங்கற நுண்புழுவை வாங்கி தண்ணியில கலந்து ஊத்தலாம், மண்ணு ரொம்ப குளிர்ந்து போறதுக்கு முன்னாடி.

குழந்தை, நாய் இருக்கற வீட்ல வைக்கலாமா?

எங்க வைக்கறீங்கன்னு யோசிச்சு வைங்க. போடோஃபில்லம் இலை, கிழங்கு எல்லாம் விஷம், அதுல இருக்கற போடோஃபில்லோடாக்சின்லேர்ந்துதான் எடோபோசைட்னு கேன்சர் மருந்து செய்யறாங்க, அப்போ எவ்வளவு வீரியம்னு பாத்துக்கோங்க. பள்ளத்தாக்கு அல்லி இதயத்தை பாதிக்கும். ஆக்டியாவோட வெள்ளை, சிவப்புப் பழம் குழந்தையைக் கூப்பிடற அழகு, ஆனா விஷம். சாங்குவினாரியா கிழங்கை வெட்டினா ரத்தம் மாதிரி சாறு வரும், அதை மருந்துன்னு தோல்ல பூசற வேலை வேணவே வேணாம், சதையை அரிச்சிடும்.

எங்க ஊர்ல குளிரே கிடையாது. ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா வளருமா?

ஒரு வருஷம் ஒப்பேத்தலாம், அதுக்கு மேல முடியாது. இந்தச் செடிங்களுக்கு ரெண்டு மூணு மாசம் 5 டிகிரி பக்கத்துல நல்ல குளிர் தேவை, அதோட கோடை ராத்திரி வெக்கையும் ஆகாது. ஆனா நிழல் தோட்டத்துக்கு நீங்க டிரில்லியத்தை நம்பி இருக்க வேணாம். சூடான காடுகளுக்கும் தரைச் செடி இருக்கு. கேம்ஃபேரியான்னு மயில் தோகை மாதிரி இலை இருக்கற இஞ்சிக் குடும்பச் செடி, கருப்பு வௌவால் மாதிரி பூக்கற டாக்கா, இலைக்காகவே வளர்க்கற லுடிசியா ஆர்க்கிட், காட்டு பிகோனியா, பெரணிங்க. இதுங்களுக்கும் அதே இலை மக்குதான், அதே வடிகட்டின வெளிச்சம்தான். கேம்ஃபேரியா கூட வறண்ட காலத்துல மொத்தமா காணாம போகும், அப்போவும் தோண்டக் கூடாது.

எது எங்க இருக்குன்னே மறந்து போகுது, என்ன பண்றது?

பேனாவுல எழுதின லேபிள் ஒரு கோடையில வெளுத்துடும், மார்க்கர் கூட. சாதா பென்சில்ல எழுதுங்க, பிளாஸ்டிக் பட்டையில வருஷக் கணக்கா நிக்கும். ஒரு லேபிள் மேல, அதே பேர் எழுதி இன்னொண்ணு செடிக்கு பக்கத்துல மண்ணுக்குள்ள புதைச்சு வைங்க, மேல இருக்கறதை காக்கா பிடுங்கிப் போடும். பூத்திருக்கறப்போ பாத்தியை நாலு கோணத்துலேர்ந்து ஃபோன்ல படம் எடுத்துக்கோங்க, பக்கத்துல மரத்தோட அடியோ கல்லோ தெரியற மாதிரி. இலையுதிர் காலத்துல புதுச் செடி வாங்கிட்டு வந்து கொத்தோட நிக்கறப்போ அந்தப் படத்தைப் பாத்துட்டு அப்புறம் குழி வெட்டுங்க.